ஜீரோ காட்டுகிறார்கள், என்ன எண்ணெய் என்று கேட்பதில்லை

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் காதில் விழும் முதல் வார்த்தை, "ஜீரோ பாத்துக்குங்க சார்." பங்க்கில் அளவைக் குறைக்கிறார்கள் என்று நம் தலைமுறை போட்ட சண்டைக்குக் கிடைத்த பலன் அது. நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளவு சரியாக இருந்து எண்ணெய் மாறிப்போனால் என்ன செய்வது? "டீசலா, பெட்ரோலா?" என்று வாய் திறந்து கேட்கும் பங்க் இன்று எத்தனை இருக்கிறது? ஜீரோவைப் பத்து தடவை காட்டுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூடாதா?

இதை ஏதோ அபூர்வமாக நடக்கும் விபத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தத் தப்பு நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நம்மைப் போன்ற வயதானவர்கள் தலையில்தான் வந்து விடிகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாம் டீசலிலும் வந்தன, பெட்ரோலிலும் வந்தன. வெளியில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்று பங்க்கில் நிற்கிற பையன் அதற்கப்புறம் வேலைக்கு வந்தவன். சின்ன கார் என்றால் பெட்ரோல் என்று அவன் கை பழகிவிட்டது. பழைய டீசல் காரை அருமையாக வைத்துக்கொண்டு, மாதம் இரண்டு தடவை கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்கிறவர்கள் யார்? நாம்தான்.

எனக்கே இது நடந்தது. ஊர் பெயரும் பங்க் பெயரும் வேண்டாம். "டீசல், ஆயிரத்துக்கு" என்று தெளிவாகச் சொன்னேன். பையன் தலையாட்டினான், ஜீரோ காட்டினான், ஊற்றினான். பில்லை வாங்கிப் பார்த்தால் 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அன்றைய விலைக்கு டீசல் என்றால் பத்தரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். மேலே பார்த்தேன், பெட்ரோல் என்று அச்சாகியிருந்தது. சாவியைத் தொடாமல் இறங்கினேன்.

மேலாளர் வந்து சொன்ன முதல் யோசனை: "கொஞ்சம்தானே சார், மேல டீசல் போட்டு நிரப்பிக்குங்க, கலந்து ஓடிடும்." இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டீசல் வெறும் எரிபொருள் மட்டும் இல்லை, பம்ப்புக்கு மசகும் அதுதான். பெட்ரோலில் அந்த வழவழப்பு கிடையாது. இப்போதைய டீசல் என்ஜின்களில் காமன் ரயில் பம்ப் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளுகிறது. டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு பார் சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் வழவழப்பு இல்லாமல் உலோகம் உலோகத்தில் உரசினால் பொடி உதிரும். அந்தப் பொடி இன்ஜெக்டர் வரை போகும். அப்புறம் மாற்ற வேண்டியது ஒரு ஃபில்டர் இல்லை, பம்ப், இன்ஜெக்டர், குழாய் எல்லாம். பழைய காரின் விலையில் பெரும் பங்கை அந்த ஒரு பில்லே விழுங்கிவிடும். பெட்ரோல் காரில் டீசல் ஊற்றினால் புகை கக்கி நின்றுபோகும், ஆனால் பெரும்பாலும் டேங்கைக் கழுவி, பிளக்கைச் சுத்தம் செய்தால் பிழைத்துக்கொள்ளும்.

மேலாளரின் இரண்டாவது யோசனைதான் என்னைக் கொதிக்க வைத்தது. "பையன் சம்பளத்துல பிடிச்சுக் குடுத்துடறோம் சார்." அந்தப் பையன் வடக்கே எங்கிருந்தோ வந்தவன், வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. "மொழி தெரியாதவன் சார்" என்று சமாதானம் வேறு. டீசலும் பெட்ரோலும் எல்லா ஊரிலும் டீசலும் பெட்ரோலும்தானே ஐயா, அதற்கு எந்த மொழி தெரிய வேண்டும்? கேட்டு, திருப்பிச் சொல்லி, அப்புறம் ஊற்று என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது யார் குற்றம்?

பையன் காசு வேண்டாம், முதலாளியைக் கூப்பிடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். இழுவை வண்டிக்கும், டேங்க் இறக்கிக் கழுவியதற்கும், ஃபில்டருக்கும் கொடுத்தார். எனக்கு நஷ்டம் இல்லை. நான் போன பிறகு அந்தப் பையனிடம் பிடித்தாரா இல்லையா என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலையாள் வேலை நேரத்தில், வேலையைச் செய்யும்போது செய்த தப்புக்கு வெளியாளிடம் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. சம்பளத்தில் நஷ்டத்தைப் பிடிப்பதும் நினைத்தபடி செய்கிற காரியம் இல்லை. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இது உண்டு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உண்டு.

"நீங்க இறங்கி நின்னு பாத்திருக்கணும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். முழங்கால் வலியோடு இருக்கிறவர் ஒவ்வொரு தடவையும் இறங்கி நாசிலைச் சோதிக்க வேண்டுமா? மருந்துக் கடையில் மாத்திரை மாற்றிக் கொடுத்தால் நோயாளி பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வோமா? என்ன வேண்டும் என்று சொல்வது என் வேலை. சொன்னதைக் கொடுப்பது விற்கிறவர் வேலை.

தடுக்க வழியே இல்லை என்பதும் பொய். ஐரோப்பாவில் 2018 முதல் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்று பம்ப்பிலும் நாசிலிலும் புது வண்டியின் மூடியிலும் ஒரே அடையாளம் ஒட்டுகிறார்கள். எழுத்துத் தெரியாதவனுக்கும் வடிவம் தெரியும். நம் ஊரிலும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் உண்டு. டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு இளநீலம். ஸ்டிக்கர் முன்னால் இருக்கிறது, எண்ணெய் ஊற்றுகிறவன் பின்னால் நிற்கிறான்! ஆபத்து அதிகமுள்ள பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அந்த ஸ்டிக்கரும் இல்லை. ஆரஞ்சு வட்டம் ஒன்றை எண்ணெய் மூடியின் மேலேயே ஒட்டச் சொல்ல எத்தனை கோடி செலவாகும்?

அது வரும்வரை நாம் செய்ய வேண்டியவை சில. எண்ணெய் மாறிவிட்டது என்று தெரிந்தால் சாவியைத் திருப்பாதீர்கள், ஏசிக்காகக்கூட வேண்டாம். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டச் சொல்லுங்கள். பில்லை விடாதீர்கள், மீட்டரையும் நாசிலையும் படம் எடுங்கள், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு அதில் எழுதுங்கள். எண்ணெய் நிறுவன அதிகாரியின் தொலைபேசி எண் பலகையில் இருக்கும், அங்கிருந்தே கூப்பிடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்டால், வண்டி சரியாக ஓடும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

இதெல்லாம் நோய் வந்த பிறகு குடிக்கும் கஷாயம். வருமுன் காக்க ஒரே ஒரு கேள்வி போதும், காசு செலவில்லை. ஜீரோவுக்காகச் சண்டை போட்டு அதைப் பழக்கமாக்கியவர்கள் நாம். இனிமேல் யாராவது "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றால், "முதல்ல என்ன எண்ணெய்னு சொல்லு தம்பி, அப்புறம் ஜீரோவைக் காட்டு" என்று சொல்லுங்கள். தம்பியிடம் அன்பாகச் சொல்லுங்கள். கோபத்தை முதலாளிக்கென்று மிச்சம் வையுங்கள்.