குலசேகரத்திலிருந்து பனிச்சறுக்கு: குல்மார்க் பக்கமா, அல்மாட்டி தூரமா?

குலசேகரம் பக்கம் ஜனவரி, பிப்ரவரி என்றால் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். பால்வெட்டு குறையும், சில வாரங்கள் நின்றும் போகும். தோட்டம் வைத்திருப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் வருஷத்தில் கொஞ்சம் கை ஓயும் நேரம் அது. அதே வாரங்களில்தான் இமயமலையில் பனி நன்றாகச் சேர்ந்து கிடக்கும். ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன பிள்ளைகள், ‘இந்த வருஷம் பனிச்சறுக்கு’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரீல்ஸைப் போட்டால் உடனே கேள்வி வரும்: ‘நம்ம நாட்டுல குல்மார்க் இருக்கும்போது வெளிநாடு எதுக்கு?’

நியாயமான கேள்விதான். ஆனால் குல்மார்க் பக்கம், வெளிநாடு தூரம் என்ற கணக்கு டெல்லிக்காரருக்குச் சரி. குலசேகரத்துக்காரருக்கு அது அப்படியே பொருந்தாது.

வரைபடம் சொல்லும் கணக்கு

திருவனந்தபுரம், டெல்லி, கஜகஸ்தானின் அல்மாட்டி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், 77 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி சுமார் 2,200 கி.மீ. டெல்லியிலிருந்து அல்மாட்டி சுமார் 1,600 கி.மீ.தான். அதாவது டெல்லியில் நிற்பவருக்கு நம்ம ஊரைவிட அல்மாட்டி பக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீநகர் சுமார் 2,850 கி.மீ. துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம். துபாய்க்கு நேரடி விமானம் உண்டு, நாலு மணி நேரத்தில் போய் இறங்கலாம். அங்கே ஒரு மாலுக்குள் 2005 முதல் செயற்கைப் பனியில் ‘ஸ்கி துபாய்’ நடக்கிறது. அதில் மிக நீளமான சரிவு 400 மீட்டர். விமான நேரத்தை மட்டும் பார்த்தால் குலசேகரத்துக்கு எளிதில் எட்டும் சறுக்குத் தளம் பாலைவனத்தில்தான் இருக்கிறது. வேடிக்கைதான், ஆனால் அக்காவோ சித்தப்பாவோ வளைகுடாவில் இருக்கிற வீட்டுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. லட்சங்களைக் கொட்டும் முன், சறுக்குவது நமக்குப் பிடிக்குமா, முழங்கால் ஒத்துழைக்குமா என்று ஒரு நாளில் தெரிந்துகொள்ள நல்ல வழி.

சரி, உண்மையான மலைக்கு வருவோம். கையில் ஏழு நாள் லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க் போக முதல் நாள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம், அங்கிருந்து டெல்லி, இரவு தங்கல். மறுநாள் ஸ்ரீநகர், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. சாலை. கடைசி 13 கி.மீ., தங்மார்க்கிலிருந்து மேலே ஏறுவது, பனி கொட்டினால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில்தான். மூன்றாம் நாள்தான் காலில் சறுக்குப் பலகை. அல்மாட்டிக்கும் அதே கதை: முதல் நாள் டெல்லி, இரண்டாம் நாள் மூன்றரை, நாலு மணி நேர விமானம், மூன்றாம் நாள் பனி. ஷிம்புலாக் என்ற சறுக்கு மலை நகரத்திலிருந்து 25 கி.மீ.தான், மெடியோவிலிருந்து ரோப் காரில் ஏறிவிடலாம். இரண்டிலும் திரும்பும் பயணம் போக மூன்று, நாலு நாள்தான் பனியில் கிடைக்கும். பயண நாளில் குல்மார்க்குக்குப் பெரிய லாபம் இல்லை.

ரயில் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் 3,700 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 2025 ஜூன் 6-ல் செனாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத்தில் மூன்று மணி நேரம் போதும். ஒரே ஒரு தடவை ரயில் மாறி குமரியிலிருந்து காஷ்மீர்! ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போக மூன்று நாளுக்கு மேல், வர மூன்று நாளுக்கு மேல். ஏழு நாள் லீவுக்காரர் பனியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பனி வருமா, வராதா?

தூரத்தைவிட இதுதான் பெரிய கேள்வி. குல்மார்க்கின் பனி மேற்கத்திய இடையூறு எனப்படும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் குளிர்கால மழை மேகங்களை நம்பியிருக்கிறது. அவை தாமதித்தால் மலை மொட்டையாகக் கிடக்கும்.

2024 ஜனவரியில் அதுதான் நடந்தது. பனி மூடியிருக்க வேண்டிய குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. வந்தது கொட்டித் தீர்த்தது: பிப்ரவரி 22-ல் அங்கே பனிச்சரிவில் சிக்கி ரஷ்ய சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். ஒரே சீசனில் பனி இல்லாத கஷ்டமும் பனி மிஞ்சிய ஆபத்தும். அடுத்த ஆண்டு, 2025 பிப்ரவரி 22-ல் குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனி இல்லாமல் தள்ளிப்போய் மார்ச் 9-ல்தான் தொடங்கின. தேசிய அளவிலான போட்டிக்கே தேதி உறுதி இல்லை என்றால், ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் நம்மவர் நிலையை யோசியுங்கள்.

உத்தராகண்டின் ஆலிக்கும் இதே பிரச்சினை. கூடவே ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கி.மீ. மலைச்சாலை, போக ஒரு நாள், வர ஒரு நாள். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது ஆலிக்கான ரோப் காரையும் நிறுத்தினார்கள். மணாலி பக்கம் சோலங் பள்ளத்தாக்கில் சறுக்கலாம், போட்டோ எடுக்கலாம். அதற்கென்றே தெற்கிலிருந்து கிளம்பத் தேவையில்லை.

ஷிம்புலாக், ஜார்ஜியாவின் குடாவுரி, ஐரோப்பிய ஆல்ப்ஸ் தளங்களில் இயற்கைப் பனி குறைந்தால் இயந்திரத்தால் பனி உருவாக்கிச் சரிவில் நிரப்புகிறார்கள். ஆக, வெளிநாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அழகுக்கு இல்லை, தேதிக்கு. லீவு தேதியை மாற்றவே முடியாதவருக்கு அந்தக் காசு வீணல்ல.

முதல் தடவைக்கு எவ்வளவு மலை வேண்டும்?

நீச்சல் பழக யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை, ஊர்க்குளம் போதும். பனிச்சறுக்கும் அப்படித்தான். முதல் மூன்று நாள் எந்த நாட்டுக்குப் போனாலும் நூறு, இருநூறு மீட்டர் மென்சரிவில் விழுந்து எழுந்து கொண்டிருப்பதுதான் வேலை. நூற்றுக்கணக்கான கி.மீ. சறுக்குப் பாதைகள் கொண்ட சுவிஸ் தளத்துக்கு டிக்கெட் வாங்கி, அடிவாரத்தில் உருண்டுவிட்டு வருவதற்கு ஷெங்கன் விசா கட்டணமே 90 யூரோ. அந்த விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தேனிலவுக்கு சுவிஸ் நல்ல இடம். சறுக்கப் பழக இல்லை.

இங்கேதான் குல்மார்க் ஜெயிக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் அங்கே பயிற்சி வகுப்பு நடத்துகிறது. பலகை, பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அரைகுறை இந்தி தெரிந்தால் பயிற்சியாளரிடம் பேசிச் சமாளிக்கலாம்; அல்மாட்டியில் ரஷ்ய மொழிதான் அதிகம், ஆங்கிலம் பேசும் பயிற்சியாளரை முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரம், கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் இடம் 3,900 மீட்டருக்கும் மேல். நம்ம பக்கத்து மகேந்திரகிரியே 1,600 மீட்டர் சொச்சம்தான். இறங்கிய அன்றே மேலே ஏறித் தலைசுற்றலோடு படுத்துவிடுபவர்கள் உண்டு. தொடக்கநிலைக்காரருக்கு அந்த உச்சியில் வேலையும் இல்லை.

விசா, வரி, பாதுகாப்பு

கஜகஸ்தானுக்கு 2022 ஜூலை முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஜார்ஜியாவில் வளைகுடா நாட்டு வதிவிட அனுமதி வைத்திருப்பவருக்கு விசா தேவையில்லை. ஆனாலும் எல்லையில் இந்தியர்களைத் திருப்பி அனுப்பிய சம்பவங்கள் உண்டு. ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் காகிதமாகக் கையில் வைத்திருப்பது நல்லது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே போகும் பயணிகளுக்குக் காப்பீடும் கட்டாயம்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். (ஐ.டி. கம்பெனி இல்லை, மூலத்தில் வசூலிக்கும் வரி.) இதன் விகிதம் பட்ஜெட்டில் மாறிக்கொண்டே வருவதால் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தைப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன, மே மாதம் ஸ்ரீநகர் விமான நிலையமும் சில நாள் மூடிக் கிடந்தது. போர் சார்ந்த இழப்பைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை. எனவே குல்மார்க் என்று முடிவெடுப்பவர் கடைசி வாரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் அறையையே எடுப்பது புத்திசாலித்தனம், கொஞ்சம் விலை கூடினாலும்.

காப்பீட்டில் இன்னொன்று. சாதாரண வெளிநாட்டுப் பயண பாலிசி பலவற்றில் பனிச்சறுக்குக் காயம் அடங்காது; சாகச விளையாட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக விலக்கப்படுவது தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் ஈடுபடுவதுதான். இருந்தாலும் உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

சரிவைவிட அறைக்குள் இருக்கும் ஆபத்தை நம் ஊர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. 2024 டிசம்பரில் குடாவுரியில் ஓர் இந்திய உணவகத்தின் மாடியில் 12 பேர் இறந்து கிடந்தார்கள், அவர்களில் 11 பேர் இந்தியர்கள். மின்சாரம் போனபோது மூடிய இடத்தில் ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த மாதமே ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தின் 5 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். இந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மின்விசிறி போட்டுத் தூங்கிப் பழகிய நமக்கு ஹீட்டர் பழக்கம் கிடையாது. குளிர் தாங்காமல் எல்லா ஜன்னலையும் இறுக மூடிவிட்டு கேஸ் ஹீட்டரையோ கரி அடுப்பையோ எரியவிட்டுப் படுக்கவே கூடாது. அறை எடுக்கும்போது மின்சார ஹீட்டரா, மையச் சூடாக்கியா என்று கேளுங்கள். அங்கே பக்கம், தூரம் என்ற வித்தியாசமே கிடையாது.

யாருக்கு எது?

தேதியை நகர்த்த முடிகிற, முதல்முறை பழகப்போகிற ஆளுக்கு குல்மார்க்தான். ஆனால் பொங்கல் லீவில் வேண்டாம். ஜனவரி கடைசியில் பனி நிலவரம் பார்த்துவிட்டு பிப்ரவரியில் கிளம்பலாம். பால்வெட்டு ஓய்ந்திருக்கும் தோட்டக்காரருக்கு இது சுலபம், பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முடியாது. மேலாளர் ஒப்புக்கொண்ட ஏழு நாளை மாற்றவே முடியாது என்றால் அல்மாட்டி. வளைகுடாவில் வேலை பார்த்து அங்கிருந்தே கிளம்புபவருக்கு குடாவுரி. திபிலிசியில் இறங்கினால் 120 கி.மீ.தான். சுவிஸும் ஜப்பானும் சறுக்கத் தெரிந்த பிறகு போகலாம்.

எந்த வழியானாலும் டெல்லியில் ஓர் இரவு சேர்த்தே திட்டமிடுங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் அங்கே விமானங்கள் தாமதமாவது வழக்கம். இரண்டு மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் பிடிக்கும் டிக்கெட்டை ஆப் மலிவாகக் காட்டினாலும் தொடாதீர்கள். குல்மார்க் போகிறவர்கள் கிளம்பும் முன் மார்த்தாண்டத்திலேயே போஸ்ட்பெய்டு சிம்முக்கு மாறிவிடுவது நல்லது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது.