செட் ஆகுமா, ஆகாதா?



இங்கிலீஷிலேயே ரொம்பக் கஷ்டமான வார்த்தை எது என்று நம் பாலிடெக்னிக்கில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் வாய்க்குள் நுழையாத ஏதாவது ஒரு நீளமான வார்த்தையைத்தான் சொல்வார்கள். மெக்கானிக்கல்காரர் 'தெர்மோடைனமிக்ஸ்' என்பார். எலக்ட்ரிக்கல்காரர் 'எலெக்ட்ரோமேக்னடிக் இன்டக்ஷன்' என்பார். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நீளமான வார்த்தைகள் எல்லாம் பரம சாதுக்கள். ஒரு தடவை அர்த்தம் தெரிந்துகொண்டால் மூன்று வருஷமும் மாறாது. நம் காலை வாருவதெல்லாம் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள பொடியன்கள்தான். அந்தக் கூட்டத்தில் பலே கில்லாடி, 'செட்'!

நம்பிக்கை வரவில்லையா? 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், மிக அதிக இடத்தைப் பிடித்த சொல் இந்தச் 'செட்'தான். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கு மேற்பட்ட அர்த்தங்கள். அதை விளக்கச் சுமார் 60,000 வார்த்தைகள்! பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டே வந்ததில், 2011-ல் 'ரன்' என்கிற இன்னொரு பொடியன் 645 அர்த்தங்களோடு முந்திவிட்டான். அவன் கதை தனிக்கதை.

430 எல்லாம் வேண்டாம். நம் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு ரவுண்டு வருவோம், வாங்க.

சிவில் லேபில் சிமெண்ட் 'செட்' ஆகிறது. தண்ணீர் சேர்த்ததிலிருந்து 30 நிமிஷத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதி. விக்காட் ஊசியை வைத்துப் பார்ப்பது இதைத்தான்.

வொர்க்‌ஷாப்புக்குப் போனால் ஹாக்ஸா பிளேடின் பல்லுக்கு 'செட்' இருக்கிறது. பற்களை இடமும் வலமுமாகக் கொஞ்சம் வளைத்து வைத்திருப்பார்கள். அப்போதுதான் வெட்டு, பிளேடின் கனத்தை விட அகலமாக விழும். இல்லாவிட்டால் பிளேடு நடுவழியில் மாட்டிக்கொள்ளும். லேத்தில் நான்கு ஜா சக்கில் ஜாபை 'செட்' பண்ணுகிறோம். மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் கம்பியை எல்லை மீறி இழுத்தால், லோடை எடுத்த பிறகும் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதற்குப் பெயர் 'பெர்மனன்ட் செட்'.

கரண்ட் போனால் ஓடுவது ஜெனரேட்டர் 'செட்'. எலக்ட்ரானிக்ஸில் ஃபிளிப்-ஃபிளாப்பை 'செட்' பண்ணினால் அவுட்புட் 1. டிராயிங் ஹாலில் 'செட்' ஸ்கொயர். பள்ளியில் நாம் 'கணம்' என்று படித்ததும் இதே 'செட்'தான். இது போதாதென்று டீக்கடையில் செட் தோசை, கிரவுண்டில் மூணாவது செட், ஹாஸ்டலில் 'அவன் நம்ம செட்டுடா', 'இந்த மெஸ் சாப்பாடு நமக்கு செட் ஆகாதுப்பா'!

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து, முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பியை நினைத்துப் பாருங்கள். சார் 'செட்' என்கிறார். பையன் டிக்‌ஷனரியைப் புரட்டுகிறான். 'தொகுதி' என்று போட்டிருக்கிறது. சிமெண்ட் எப்படித் தொகுதி ஆகும்? தலை சுற்றுகிறது. 'புரிஞ்சுதா?' என்று சார் கேட்டதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அவனும் ஆட்டுகிறான். 'இவ்வளவு சின்ன வார்த்தை கூடத் தெரியலையான்னு சிரிப்பாங்களே' என்கிற பயம். பெரிய வார்த்தை என்றால் வெட்கப்படாமல் கேட்டிருப்பான். சின்ன வார்த்தை ஆனதால் வாயை மூடிக்கொண்டான். எங்கள் பேட்சிலும் கணக்கில் புலிகளாக இருந்தவர்கள் இப்படி ஊமையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது மார்க்கோடு முடிகிற விஷயமும் இல்லை. சிமெண்ட் 'செட்' ஆனது என்றால் இளக்கம் போய் இறுகியது என்றுதான் அர்த்தம். பலம் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. காங்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாள் கணக்கில் பார்க்கிறோம். 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கே முட்டுகள் 7 நாளாவது நிற்க வேண்டும் என்கிறது விதி. 'அதான் செட் ஆயிடுச்சே' என்று மறுநாளே முட்டைப் பிரிக்கச் சொல்கிற சூப்பர்வைசரை நினைத்துப் பாருங்கள்... கீழே நிற்பது யார்?

சரி, வழி என்ன? 430 அர்த்தத்தையும் உருப்போடுவதா? வேண்டவே வேண்டாம். இந்தச் 'செட்' உண்மையில் ஒரே சட்டை போட்ட இரண்டு ஆசாமிகள். ஒன்று, 'சிட்' என்பதன் பிறவினையாகப் பிறந்த பழைய ஆங்கிலச் சொல். நம்ம தமிழில் இரு - இருத்து, அமர் - அமர்த்து மாதிரி. ஜாபைச் சரியான இடத்தில் இருத்துவது, பல்லை வளைத்து இருத்துவது, சிமெண்ட் அசையாமல் உட்கார்ந்துவிடுவது, நீண்ட கம்பி நீண்டபடியே நின்றுவிடுவது எல்லாம் இந்த ஆசாமி. இன்னொன்று லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'கூட்டம்' என்கிற சொல். ஜெனரேட்டர் செட், கணம், செட் தோசை, நம்ம செட்டு எல்லாம் அந்த ஆசாமி. 'உட்கார வைப்பதா, கூட்டமா?' என்று ஒரு கேள்வி போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதியை என்ன செய்வது? பக்கத்து வார்த்தையைப் பாருங்கள். தமிழில் 'அடி' இருக்கிறதே! பத்து அடி நீளம், மரத்தடி நிழல், குறளுக்கு இரண்டடி, பெயிண்ட் அடி, வெயில் அடிக்குது, பெல் அடிச்சாச்சு, காப்பி அடிக்காதே, கிளாஸைக் கட் அடி! இதற்கெல்லாம் எந்த டிக்‌ஷனரியைப் பார்த்தோம்? பெல்லோடு வந்தால் ஒரு அடி, பெயிண்ட்டோடு வந்தால் வேறு அடி என்று தானாகப் புரிகிறது. 'அடி'யைச் சமாளித்தவனுக்கு 'செட்' எம்மாத்திரம்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புதுப் பாடம் தொடங்கும்போது ஐந்தே நிமிஷம், அதில் வரும் சின்ன வார்த்தைகளைத் தமிழில் சொல்லிவிடுங்கள். பெரிய வார்த்தைகளைப் புத்தகமே விளக்கிவிடும். நம் மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. வாரம் ஒரு சின்ன வார்த்தையை நோட்டீஸ் போர்டில் எழுதி, ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தன் அர்த்தத்தைக் கீழே எழுதட்டும். சாக்பீஸ் செலவு மட்டும்தான். 'ரன்', 'லோட்', 'டெட்', 'பிளே' எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

நமக்கு என்ன வேலை? அடுத்த பெஞ்சுக்காரன் 'சார், இங்கே செட்னா என்ன?' என்று கேட்டால் சிரிக்காமல் இருப்பது. முடிந்தால் நாமும் கை தூக்குவது. இந்தப் பழக்கம் நமக்குள் செட் ஆகட்டும். சிமெண்ட் மாதிரி பத்து மணி நேரத்துக்குள்ளேயே வேண்டாம்... மூன்று வருஷத்துக்குள் ஆனாலும் போதும்!