சாயம் போகுமுன் பேரை எழுதுங்க

கம்பைநல்லூர் இருக்கிற இதே தருமபுரி மாவட்டத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளைச் சாதிவெறிக் கும்பல் கொளுத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். சான்றிதழும் கல்யாணப் போட்டோவும் வீட்டோடு சாம்பல். குடிசையைக் கொளுத்துகிறவன் சாட்சியத்தையும் சேர்த்துத்தான் கொளுத்துகிறான்.

தீ வைக்காமலே அழிகிற சாட்சியமும் உண்டு. எழுபது, எண்பதுகளில் கலர் ஸ்லைடில் எடுத்த சேரிப் படங்கள், ஊர்வலப் படங்கள். டப்பாவுக்குள் சும்மா கிடந்தாலே சாயம் போகும். பல ஃபிலிமில் நீலச்சாயம் முதலில் வெளுத்து, படமே சிவந்துவிடும். கோடாக்ரோம் இருட்டில் நெடுநாள் தாங்கும். ஆனா புரொஜக்டர் வெளிச்சம் அதையும் தின்றுவிடும். அதாவது, மக்களிடம் அதிகம் போட்டுக் காட்டிய படத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் கோயில், சிற்பம் என்று லட்சத்துக்கு மேல் படம் சேர்த்து வைத்திருக்கிறது. வைக்கட்டும். கல்லுக்குக் கிடைத்த கவனிப்பு நம்ம சனத்துக்கு வேண்டாமா?

ஃபிலிம் ஸ்கேனரில் 4000 டிபிஐ வைத்து, டிஃப் கோப்பாகச் சேமிக்கணும். மூணு பிரதி எடுத்து, ஒண்ணை வேற ஊரில் வைக்கணும். ஸ்கேன் பண்ணியாச்சுன்னு அசலைத் தூக்கி எறியக்கூடாது. ஈரமும் சூடும் படாமல் வைக்கணும்.

எல்லாத்தையும்விட முக்கியம், படத்தில் இருப்பது யாரு, எந்த ஊரு, எந்த வருசம் என்று பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுவது. எழுதாவிட்டால் போராட்டத்தில் முன்னே நின்ற நம்ம பாட்டி, நாளைக்கு எவனோ போடுகிற புத்தகத்தில் வெறும் ‘கிராமத்துப் பெண்’ ஆகிவிடுவாள்.

மாணவத் தோழர்களே, இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் முதலில் அந்த டப்பாக்களைத் தேடுங்க.