குதிரை எங்கே பிறந்தது?

காட்டாங்குளத்தூரில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருவன், நண்பர்களோடு ஆடும் கதை விளையாட்டுக்காக ஒரு படைவீட்டு ஊரைக் கற்பனை செய்து கொண்டுவந்தான். ஏரிக்கரையில் கோட்டை, சுற்றிலும் ஆயிரம் குதிரைகள் குட்டி போட்டுப் பெருகுகின்றன. அவனைச் சொல்லி என்ன பயன்? சரித்திர நாவல் எழுதும் நாங்கள்தானே குதிரையை ஆடு மாடு போல ஊருக்கு ஊர் அவிழ்த்துவிட்டோம்!

மாணிக்கவாசகரைப் பாண்டியன் பொன் கொடுத்து எங்கே அனுப்பினான்? பண்ணைக்கா? கப்பலில் குதிரை வந்திறங்கும் கடல்துறைக்கல்லவா! 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்ததையும் சொல்கிறார். சோற்றோடு இறைச்சியைக் கலந்து போட்டார்களாம். லாடம் அடிக்க ஆளில்லையாம். இங்கே ஈன்ற குட்டிக்குக் காலே கோணலாம். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், போகட்டும். வெள்ளைக்காரன் 1824இல் பட்டாளத்துக்குக் குதிரைப் பண்ணை வைத்தபோது செங்கற்பட்டு ஏரிக்கரைக்கா வந்தான்? குளிர்ந்த மேட்டுநிலம் தேடி, ஓசூரை அடுத்த மத்திகிரிக்குப் போனான்.

"இத்தனை குதிரைக்கும் கொள்ளு எங்கே விளைகிறது?" என்றேன்.

"கற்பனைதானே, மாமா!"

கற்பனைக் குதிரைக்குப் பசிக்காதா? "ஊரைக் கடலோரம் கொண்டுபோ. பருவக்காற்றில் கப்பல் வந்து சேரவில்லை. எதிரி எல்லையில் நிற்கிறான். உன் படைத்தலைவன் என்ன செய்வான்?" என்றேன்.

பையன் ஏரியை அழித்துவிட்டுக் கடலை வரைய ஆரம்பித்தான்.