அவையில் சொன்னதைத் தேடி எடுக்க முடிகிறதா?

ஆங்கிலத்தை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று ஃபிராங்க் ஆண்டனி கொண்டுவந்த தீர்மானம், 1959 ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. அன்று பேசிய பிரதமர் நேரு, மக்களுக்குத் தேவைப்படும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்றும், அது எவ்வளவு காலம் என்பதை இந்தி பேசாதவர்களே முடிவுசெய்ய வேண்டும் என்றும் உறுதியளித்தார். அடுத்த பத்தாண்டுத் தமிழக அரசியல் இந்த உறுதிமொழியைச் சுற்றியே நடந்தது. 1963-இன் ஆட்சிமொழிச் சட்டத்தில் அது கறாரான வாசகமாக இடம்பெறவில்லை. 1965 போராட்டத்துக்குப் பின், 1967-இல் வந்த திருத்தத்தில்தான் சட்ட வடிவம் பெற்றது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் அந்த வாக்குக்கு முதன்மையான சான்றாக இருந்தது மக்களவையின் அவைக்குறிப்பு.

நேருவின் வாக்குறுதியைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. அவர் பேசியதை முழுதாகப் படித்தவர்களும் மிகக் குறைவு. மேடைப் பேச்சு வழியாகவும் பத்திரிகைச் செய்தி வழியாகவும் வந்ததே பெரும்பாலோரின் அறிவு. அந்த உரை எங்கோ பூட்டிவைக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணமில்லை. அது இருக்கிறது, அச்சாகியிருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால், தேடிக் கண்டடைவது சாமானிய வாசகருக்குக் கைகூடுவதில்லை.

அச்சிடும் உரிமை வந்த வழி

நாடாளுமன்றத்தில் பேசப்படுவதை வெளியே சொல்லும் உரிமை எங்கும் எளிதில் வந்துவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அவை விவாதத்தை அச்சிடுவதே உரிமை மீறல். 1771-இல் லண்டன் அச்சகத்தார் அதை எதிர்த்து நின்ற பிறகே தடை நடைமுறையில் தளர்ந்தது. வில்லியம் காபெட் 1803-இல் தொடங்கிய விவாதத் தொகுப்பு, பின்னர் அதை ஏற்று நடத்திய அச்சகத்தாரின் பெயரால் ‘ஹன்சார்ட்’ ஆயிற்று.

இந்தியாவில் அந்தப் போராட்டத்தை நடத்தியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956-இல் நிறைவேறிய சட்டம், அவை நடவடிக்கைகளை உண்மையாகவும் தீய நோக்கமின்றியும் வெளியிடும் பத்திரிகைகளுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தந்தது. மறு ஆண்டு டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை அவரே அவையில் அம்பலப்படுத்தினார். பத்திரிகைகள் அந்த விவாதத்தை அச்சமின்றி வெளியிட முடிந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். நெருக்கடிநிலையின்போது நீக்கப்பட்ட அந்தச் சட்டம் 1977-இல் திரும்பி வந்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதே பாதுகாப்பை அரசமைப்பின் 361-ஏ பிரிவாகவே ஆக்கியது. வெளியிடும் உரிமைக்கு இவ்வளவு பாடுபட்ட நாடு, வெளியிட்டதைத் தேடி எடுக்கும் வசதியில் அதில் பாதி அக்கறைகூடக் காட்டவில்லை.

தேடுபவரின் பாடு

நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் 1952 முதலான மக்களவை விவாதங்களும், அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களும், அதற்கு முந்தைய காலனிய சட்டமன்றங்களின் பதிவுகளும் இருக்கின்றன. மாநிலங்களவைக்குத் தனிச் சேமிப்பு உண்டு. பெரிய உழைப்பு இது, மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களே. கணினி அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு இருப்பதில்லை. ‘சுப்ரமணியம்’ என்ற ஒரு பெயரே நாலைந்து விதமாக எழுதப்படும். ஒன்றைத் தேடினால் மற்றவை அகப்படா.

தமிழ்நாடு என்ற பெயர் பற்றி நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தை ஒரு மாணவர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரியில்தான் மாறியது. அதற்கு முந்தைய ஆவணங்களில் மாநிலம் ‘மெட்ராஸ்’. 1963-இல் மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்த பெயர் மாற்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. அதை ஆதரித்து அண்ணா ஆற்றிய உரை தமிழ்நாட்டில் புகழ்பெற்றது. ஆனால், ஆண்டையும் அவையையும் மசோதா கொண்டுவந்தவரையும் முன்பே அறிந்தவருக்குத்தான் அது விரைவில் கிடைக்கும். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் அதனால்தான் முதலில் தேதியைப் பிடிக்கிறார்கள்: மறுநாள் நாளிதழைப் பார்த்து, அங்கிருந்து அவைக்குறிப்புக்குப் போகிறார்கள். அரசின் ஆவணத்தை அடைய நாளிதழைத்தான் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. பெங்களூருவில் உள்ள சட்ட, கொள்கை ஆய்வு மையம் ஒன்று, அரசமைப்பு நிர்ணய சபையின் விவாதங்களை முழுவதும் எழுத்து வடிவில், பத்திக்குப் பத்தி எண்ணிட்டு, பேசியவர் வாரியாகவும் பிரிவு வாரியாகவும் தேடும்படி இணையத்தில் தந்திருக்கிறது. ஒரு தனியார் அமைப்பு செய்ததை மக்களவைச் செயலகமும் செய்ய முடியும்.

தமிழில் பேசினால் என்ன ஆகும்?

தமிழ் வாசகருக்கு நெருக்கமான சிக்கல் இது. மக்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், அவைக்குறிப்பில் பதிவாவது அதன் மொழிபெயர்ப்பு. ‘தமிழில் ஆற்றப்பட்ட உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்று ஒரு நட்சத்திரக் குறியின் கீழ் அடிக்குறிப்பு போடுவார்கள். அவர் சொன்ன தமிழ்ச் சொற்கள் அதிகாரபூர்வப் பதிவில் இருப்பதில்லை. உறுப்பினர் தம் தாய்மொழியில் பேச அரசமைப்பின் 120-ஆவது பிரிவு இடமளிக்கிறது. அவர் பேசியது அதே மொழியில் நிலைத்திருக்க ஏற்பாடில்லை. இலங்கை நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றில் எம்மொழியில் பேசினாரோ அம்மொழியிலேயே உரையை அச்சிடுகிறது. அங்கே சாத்தியமானது இங்கே முடியாது என்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

நீக்கப்படும் சொற்களின் கதை வேறு. மக்களவை விதி 380 அவதூறான, கண்ணியக் குறைவான சொற்களை நீக்கும் அதிகாரத்தை அவைத் தலைவருக்குத் தருகிறது. நேரலை இல்லாத காலத்தில் நீக்கம் என்றால் அந்தச் சொல் மறைந்தே போய்விடும். இன்று காணொளி முன்பே வீடுவீடாகப் போய்விடுகிறது. அவைக்குறிப்பில் மட்டும் அந்த இடம் காலியாக நிற்கிறது. 2023 பிப்ரவரியில் ராகுல் காந்தி பேச்சின் பகுதிகள் நீக்கப்பட்டபோது இது நடந்தது. நாளைய வரலாற்றாசிரியர் அதிகாரபூர்வப் பதிவை மட்டும் தேடினால், அன்று நாடு எதைப் பற்றி வாதிட்டது என்பது அவருக்கு முழுமையாகத் தெரியாது.

மூடிய அறையின் பதிவு

அவை விவாதமாவது கிடைக்கிறது. குழுக்களின் நிலைதான் மோசம். 1993-இல் 17 துறைசார் நிலைக்குழுக்களுடன் தொடங்கிய அமைப்பில் இன்று 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். அமைச்சகச் செயலாளர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது இங்கேதான். விதி 266-இன்படி கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. அறிக்கையின் பின்னிணைப்பாக வரும் கூட்டக் குறிப்பில் யார் யார் வந்தார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது சில வரிகளில் இருக்கும். இறுதியில், சொல்லுக்குச் சொல் பதிவு வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம் வரும். அந்தப் பதிவு பொதுவாக மக்கள் கைக்கு வருவதில்லை. பிஆர்எஸ் ஆய்வகத்தின் கணக்குப்படி, 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவையில் 16 சதவீதம் மட்டுமே. குழுவுக்குப் போவதே அரிதாகிவிட்ட காலத்தில், போனவற்றின் சாட்சியமும் மறைந்திருக்கிறது.

சாட்சியத்தை வெளியிடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் பிரிட்டனின் அஞ்சலக வழக்கைப் பார்க்கலாம். ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளின் கோளாறால் கணக்கில் விழுந்த துண்டுக்கு, 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். 2015 பிப்ரவரி 3 அன்று மக்கள் சபையின் வணிகத் துறைக் குழு இதை விசாரித்தது. பாதிக்கப்பட்டோர் சார்பில் ஆலன் பேட்ஸ் பேசினார். கோப்புகள் முழுமையாகத் தரப்படவில்லை என்று கணக்காய்வாளர் புகார் சொன்னார். நீதி தவறியதற்குத் தங்களிடம் ஆதாரமில்லை என்றார் அஞ்சலக நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பவுலா வெனெல்ஸ். ஒவ்வொரு கேள்வியும் எண்ணிடப்பட்டு முழுச் சாட்சியமும் வெளியானது. 2024-இல் பொது விசாரணையின்முன் வெனெல்ஸ் வந்தபோது, நாடாளுமன்றத்தில் சொன்னவை பற்றியும் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் தண்டனைகளை ரத்துசெய்யத் தனிச் சட்டம் வந்தது.

மூடிய அறையில்தான் உறுப்பினர்கள் கட்சி கடந்து பேசுகிறார்கள், அதிகாரிகளும் மனம் திறக்கிறார்கள் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆலோசிப்பது வேறு, சாட்சி சொல்வது வேறு. முன்னதை மூடிவைத்து, பின்னதைத் திறந்துவைக்கும் வழக்கத்தைத்தான் பிரிட்டன் பின்பற்றுகிறது. இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1965-இன் காப்புரிமை மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழு, தான் கேட்ட சாட்சியங்களைத் தொகுதிகளாகவே வெளியிட்டது. மருந்து நிறுவனங்கள் அன்று என்ன வாதாடின என்பதை இன்றும் அவற்றில் படிக்கலாம். மலிவு விலை மருந்துக்கு அடித்தளமிட்ட 1970 சட்டத்தின் பின்னணியைப் புரிந்துகொள்ள அவை இன்றியமையாதவை.

நீதிமன்றமும் இந்தப் பதிவுகளின் மதிப்பை ஏற்றிருக்கிறது. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குப் போடப்பட்ட எச்பிவி தடுப்பூசித் திட்டம் பற்றி நிலைக்குழு கடுமையான அறிக்கை தந்தது. அதை வழக்கில் ஆதாரமாகக் காட்டலாமா என்ற கேள்விக்கு, 2018-இல் கல்பனா மேத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு விடை சொன்னது: குழு அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம், அதன் செல்லுபடித்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது. அறிக்கைக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்றால், அது எந்தச் சாட்சியத்தின்மீது எழுந்தது என்பதையும் குடிமக்கள் அறிய வேண்டும்.

கேட்க வேண்டியவை

அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குகளைக் கண்காணிக்க 1953 டிசம்பர் முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலைக்கூட உறுதிமொழியாகக் கொண்டு, மூன்று மாதத்தில் நிறைவேற்றச் சொல்லும் குழு அது. தன் தொகுதியின் ரயில் பாதைக்கோ பாசனத் திட்டத்துக்கோ எப்போது, என்ன வாக்கு தரப்பட்டது என்பதை ஒரு விவசாயி தானே தேடிப் பார்க்க முடிந்தால், அந்தக் கண்காணிப்பு எத்தனையோ மடங்கு வலுப்பெறும்.

அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். விவாதங்கள் முழுவதும் திருத்தப்பட்ட எழுத்து வடிவில், பத்தி எண்களோடு, எவரும் தரவிறக்கும்படி வெளியாக வேண்டும். தாய்மொழியில் ஆற்றப்படும் உரைகள் அந்தந்த மொழியிலேயே பதிவாகி, பக்கத்தில் மொழிபெயர்ப்பு வர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு போன்ற விலக்குகள் நீங்கலாக, குழுக்களின் சாட்சியங்கள் அறிக்கையோடு சேர்ந்து வெளியாக வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் செயலகத்தின் நடைமுறை சார்ந்தவை. மூன்றாவதை மக்களவைத் தலைவரைத் தலைவராகக் கொண்ட விதிகள் குழு பரிந்துரைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பாராமல் கையெழுத்திட்டு, வரும் கூட்டத்தொடரிலேயே அந்தக் குழுவிடம் இதை எழுத்துபூர்வமாக வைக்க வேண்டும்.