ஏமாற்றமும் மனமாற்றமும்

பழைமைவாதி ஒருவன் தன் சொந்தக் கட்சியிடம் ஏமாற்றங்கொண்டு வெளியேறும்போது நாடு அவனைக் கைதட்டி வரவேற்கின்றது. பதவியைத் துச்சமெனத் துறந்தவன் என்பர். கொள்கைக்காக நின்றவன் என்பர். மாலையிட்டு ஊர்வலம் வைப்பர். மாலை வாடுமுன்னரே அவன் வேறொரு மேடையிலே அமர்ந்திருப்பான். அம்மேடையிலும் அவன் பேசுவது பழைய பேச்சாகவே இருக்கும்.

ஏமாந்தவனை ஏளனஞ் செய்வது நமது நோக்கமன்று. மந்திரிப் பதவியை விட்டு வருவது எளிய செயலுமன்று. எனினும் ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய விலகல்களை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். நாம் கேட்க விரும்புவது ஒரே கேள்வி: அவன் எதனைக் கண்டு ஏமாந்தான்? தன் கட்சி பிறருக்கு இழைத்த தீங்கைக் கண்டா, அன்றித் தனக்கு அளித்த வாக்கை அது மீறியதைக் கண்டா? முன்னையது மனமாற்றத்தின் தொடக்கம். பின்னையது கொடுக்கல் வாங்கலிலே நேர்ந்த மனக்கசப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதாலேயே ஈழத்துத் தமிழர் அரசியல் பலமுறை ஒரே குழியில் வீழ்ந்தது.

கொடிகாமத்தை எடுத்துக்கொள்வோம். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு வழி பிரியும் சந்தி, புகையிரத நிலையம், தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் குவியும் தென்மராட்சிச் சந்தை. கொழும்பிலிருந்து புகையிரதமேறி வடக்கே வந்த எந்தத் தலைவரும் இவ்வூரைத் தாண்டாமல் யாழ்ப்பாணம் சென்றிருக்க முடியாது. இங்கே மூவகை மனிதர் வாழ்ந்தனர். ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகம் பெற்றுப் புகையிரதமேறிய எழுதுவினைஞர் ஒருவகை. தோட்டமும் தோப்பும் உடையவராய், விளைபொருளைத் தெற்கே அனுப்பிய நிலவுடையோர் இன்னொருவகை. மரமேறியும் மூட்டை சுமந்தும் அந்நிலத்திலே கூலிக்கு உழைத்தோர் மூன்றாம் வகை. மாதந்தோறும் தெற்கிலிருந்து வந்த மணியோடரே முதல்வகையினரின் நெல்வயல். யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956 ஏப்ரலிலேயே, அம்மணியோடருக்கு ஆபத்து வந்துவிட்டது என்ற செய்தியும் தேர்தற் பெட்டிகளுக்குள் விழுந்தது. அந்த ஆபத்து எங்கிருந்து வந்தது, எவர் அதனை முன்னரே கண்டும் காணாதிருந்தனர் என்பதே நம் கதை.

கதை 1948இலே தொடங்குகின்றது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைத் தொடர்ந்தன. தேயிலைக் கொழுந்து பறித்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1947 தேர்தலிலே இம்மக்கள் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரை வெல்லச் செய்திருந்தனர். தொழிலாளர் வாக்கைக் கண்டு அஞ்சிய வர்க்கம், அவ்வாக்கையே பறித்தது.

அப்போது தமிழ்ப் பழைமைவாதிகள் என்ன செய்தனர்? அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அதே அரசாங்கத்திலே கைத்தொழில் மந்திரியானார். வர்த்தக மந்திரியாயிருந்த கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் அவ்வாண்டிறுதியில் இரண்டாவது மசோதாவின் காரணமாகப் பதவி துறந்தார். தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். செல்வநாயகம் புரட்சிக்காரர் அல்லர். கொழும்பிலே வழக்குரைத்த வசதியான சட்டத்தரணி. பழக்கத்தாலும் நம்பிக்கையாலும் பழைமையைப் போற்றியவர். எனினும் அவர் தம் கட்சியை விட்டு நீங்கியது வேறொரு வர்க்கத்துக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு. தமக்கு வாக்களிக்காத, வாக்களிக்கவும் முடியாத மக்களின் பொருட்டு ஒருவர் தம் கட்சியைத் துறந்தார். நாம் மேலே கூறிய அளவுகோலின்படி அது மெய்யான ஏமாற்றம்.

அதற்கு யாழ்ப்பாணம் அளித்த பரிசு யாது? 1952 தேர்தலிலே காங்கேசன்துறையில் செல்வநாயகம் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் சு. நடேசபிள்ளை. தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதிலும் இரண்டே இடங்கள் கிடைத்தன. மலையகத் தமிழனின் பிரஜாவுரிமை, குடாநாட்டு எழுதுவினைஞனின் வாக்கைப் பெறத்தக்க பொருளாகத் தோன்றவில்லை.

நடேசபிள்ளையின் வாழ்க்கையே இவ்விடத்து ஒரு பாடம். தமிழகத்திலே பிறந்து யாழ்ப்பாணத்திலே வேர்கொண்டவர்; சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன்; பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர்; தமிழறிஞர். அவரது நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர் சேர்ந்திருந்த கட்சியின் கணக்கேட்டைப் புரட்டுவோம். 1948இலே தோட்டத் தொழிலாளர் பிரஜாவுரிமை இழந்தனர். கட்சியிலே அவர் இருந்தார். 1953இலே கூப்பன் அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலிலே மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். டட்லி சேனநாயக்கா பிரதமர் பதவியை விட்டோடினார். அதன்பின் சேர் ஜோன் கொத்தலாவல அமைத்த மந்திரி சபையிலே நடேசபிள்ளை மந்திரியாக அமர்ந்தார். ஏழையின் சோற்றுப்பானையிலே கைவைத்த கட்சி அவரை ஏமாற்றவில்லை.

1954இலே யாழ்ப்பாணம் வந்த கொத்தலாவல, கொக்குவில் இந்துக் கல்லூரியிலே, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்க அரசியலமைப்பைத் திருத்துவதாக வாக்களித்தார். யாழ்ப்பாணத்துக் கனவான்கள் மகிழ்ந்தனர். தெற்கிலே எதிர்ப்புக் கிளம்பியதும் அவ்வாக்குறுதி காற்றிலே போயிற்று. 1956 பெப்ரவரியிலே களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி எனத் தீர்மானித்தது. அப்போதுதான் நடேசபிள்ளை மந்திரிப் பதவியைத் துறந்தார். கட்சியிலிருந்த ஏனைய தமிழ்ப் பிரமுகரும் நீங்கினர்.

மொழிக்காக விலகியது தவறென்று நாம் சொல்லவில்லை. தாய்மொழியிலே அரசுடன் பேசும் உரிமை எழுதுவினைஞனுக்கு மட்டும் உரியதன்று. கொடிகாமச் சந்தையிலே மூட்டை சுமப்பவனுக்கும் அது வேண்டும். ஆங்கிலம் அறியாத அவனுக்கே முதலில் வேண்டும். நாம் சுட்டுவது காலத்தை. எட்டு ஆண்டுகளாக ஒரு கட்சி ஒவ்வொருவர் கையாக வெட்டி வந்தது. தன் கை வெட்டப்பட்ட அன்றே பழைமைவாதி அதனைக் கொடிய கட்சி என்று கண்டுபிடித்தான். அயலவன் கை வெட்டப்பட்டபோது அவன் அருகிலே நின்றான், அரிவாளையும் அறிவான். 1948இன் அரிவாளும் 1956இன் அரிவாளும் ஒன்றே. பெரும்பான்மை வாக்கைக் கொண்டு சிறுபான்மையின் உரிமையைப் பறிக்கலாம் என்ற துணிவு மலையகத்திலே பரீட்சிக்கப்பட்டது. அங்கே வெற்றி பெற்ற பின்னரே வடக்குக்கு வந்தது.

1956 ஏப்ரல் தேர்தலிலே ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களாகக் குறுகியது. தமிழரசுக் கட்சி 10 இடங்களை வென்றது. செல்வநாயகம் காங்கேசன்துறையை மீட்டார். கொடிகாமம் அடங்கிய சாவகச்சேரித் தொகுதி அக்கட்சியின் வ. ந. நவரத்தினத்தைத் தெரிவு செய்தது. 1983 வரை அவரே அத்தொகுதியின் உறுப்பினராயிருந்தார். 1952இலே பிறர்க்கான அறச்சீற்றத்தைத் தோற்கடித்த மக்கள், 1956இலே தமக்கான சீற்றத்தை வெல்லச் செய்தனர். ஏமாந்த பழைமைவாதிகளின் கூட்டம் புதிய கட்சிக்குள் புகுந்தது. வீட்டை மாற்றினர், தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் உடன் கொண்டுவந்தனர்.

அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 1957 ஜூலையிலே பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதனை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தனா தலைமையிலே கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டது ஐக்கிய தேசியக் கட்சியே. 1958 ஏப்ரலிலே ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. இத்தனைக்கும் பின்னர், 1965 மார்ச்சிலே, தமிழரசுக் கட்சி எந்தக் கட்சியுடன் கைகோத்தது? அதே ஐக்கிய தேசியக் கட்சியுடன்! மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானார். தமிழ்க் காங்கிரஸும் அவ்வரசாங்கத்தை ஆதரித்தது. 1956இலே பிரிவு என்று நாம் கருதியது, ஒன்பது ஆண்டு நீடித்த ஊடலாய் முடிந்தது. மாவட்ட சபைத் திட்டம் 1968இலே கைவிடப்பட்டது. திருச்செல்வமும் பதவி துறந்தார். மறுபடியும் ஏமாற்றம், மறுபடியும் மாலை.

ஒருவர் இடையிலே குறுக்கிட்டுக் கேட்கலாம்: “பண்டாரநாயக்காவும் ஏமாற்றினார், இடதுசாரிகளும் ஏமாற்றினர். தமிழன் எங்கே போவான்?” நியாயமான கேள்வி. 1956இலே சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் 1966 ஜனவரி 8இலே தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் சென்றன. 1972 அரசியலமைப்பைத் தீட்டியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இதனை மறைக்கும் இடதுசாரி எவனும் மாணவர் முன் நின்று பேச அருகதையற்றவன். ஆயின் இதிலிருந்து பிறப்பது என்ன? சமசமாஜி வீழ்ந்தது தன் கொள்கையைக் கைவிட்டமையால். பழைமைவாதி வீழ்ந்தது தன் கொள்கையைக் கைவிடாமையால். முன்னவனை அவனது பழைய சொல்லைக் கொண்டே குற்றஞ்சாட்டலாம். பின்னவன் என்றும் தன் சொல்லைத் தவறவில்லை. தன் வர்க்கத்தின் நலனையே அன்றும் நாடினான், இன்றும் நாடுகின்றான்.

இதற்கு மறுக்கவியலாத சான்று சுந்தரலிங்கம். 1948இலே மந்திரிப் பதவியைத் துறந்தவர். 1950களின் பிற்பகுதியிலே தனி ஈழம் கேட்டவர். ‘அடங்காத் தமிழன்’ எனப் பேர்பெற்றவர். கொழும்பு அரசியலிடம் அவரினும் மிக ஏமாந்தவர் எவருமிலர். அத்தகையவர் 1968இலே நின்ற இடம் எது? மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில். அங்கே தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட தமிழர் உள்ளே சென்று வழிபட முயன்றனர். அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கினார் அப்பேராசிரியர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சிங்களப் பெரும்பான்மைக்கு அடங்க மறுத்த தமிழன், தன் தமிழ்ச் சகோதரனை அடக்குவதிலே குறைவைக்கவில்லை. இரண்டும் அவர் மனத்தில் முரண்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கொழும்பு தம்மை இரண்டாந்தரக் குடிமகனாக்கியதை அவர் வெறுத்தார். இரண்டாந்தரக் குடிமகன் என்ற நிலை உலகில் இருப்பதை அவர் வெறுக்கவில்லை.

1966 அக்டோபர் 21இலே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்றவர்கள் பொலிஸ் தடியடியைத் தாங்கினர். தேநீர்க்கடையிலே போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்தவர்கள், கண்ணாடிக் கிளாசும் வாங்கிலே இடமும் கேட்டனர். வடமராட்சி, தென்மராட்சி எங்கும் இக்கேள்வி எழுந்தது. பிரதிநிதித்துவத்துக்காகக் கொழும்பிலே வாதாடிய தமிழ்க் கட்சிகள் இரண்டும் இப்போராட்டத்துக்குத் தலைமை தாங்க முன்வரவில்லை. மரமேறுபவனும் மூட்டை சுமப்பவனும் தமது போராட்டத்தைத் தாமே நடத்தினர்.

கடலுக்கு அப்பாலும் ஓர் ஒப்புமை உண்டு. இராஜாஜி 1959இலே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவுப் பண்ணை பற்றிக் காங்கிரஸ் நாகபுரியிலே தீர்மானித்தது அவரைக் கொதிப்படையச் செய்தது. அவருடைய கொள்கை நமக்கு முற்றும் மாறானது. ஆயினும் நிலவுடைமையைக் காக்கவே வந்தேன் என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். வாசகன் ஏற்கலாம், மறுக்கலாம், ஏமாறத் தேவையில்லை. நம் பழைமைவாதிகளோ உத்தியோகத்தையும் தோப்பையும் சாதியையும் ‘இனம்’ என்ற ஒரே பட்டுத்துணியாற் போர்த்திக் கொண்டுவந்தனர்.

இவை பழங்கதைகளல்ல. 2024 நவம்பர் 14ஆம் நாள் பொதுத்தேர்தலிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3 இடங்களைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தலைமுறைகளாகத் தமிழ்க் கட்சிகளுக்கே வாக்களித்த குடும்பங்கள் வெறுப்புற்றுத் திரும்பின. இவ்வெறுப்புக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் மதிக்கின்றோம். ஆனால் அதே கேள்வியை இங்கும் கேட்பது நம் கடமை. எதனைக் கண்டு ஏமாந்தோம்? நமக்கு வேலையும் வீதியும் கிடைக்கவில்லை என்பதையா? அல்லது நம் கட்சிகள் மலையகத்தானையும் ஒடுக்கப்பட்ட சாதியினனையும் அயலவனாகவே வைத்திருந்ததையா? புதிதாய்த் தேர்ந்தவர்களின் கணக்கேட்டையும் புரட்ட வேண்டும். அக்கூட்டணியின் அச்சாணியான ஜே.வி.பி. தன் தொடக்ககால வகுப்புகளிலே ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்ற பெயரால் தோட்டத் தொழிலாளரை ஐயத்துக்குரியவராக்கியது. 2006இலே வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றம் சென்றதும் அதுவே. பழைய கட்சியிடம் கேளாது விட்ட கேள்வியைப் புதிய கட்சியிடமும் கேளாது விட்டால், அடுத்த ஏமாற்றத்துக்கு இப்போதே மாலை தொடுக்கலாம்.

1948இலே பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை, இந்நாட்டில் எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குச் சட்டப்படி முழுமையாகத் திரும்பியது 2003இலே. ஐம்பத்தைந்து ஆண்டுகள். அந்த நெடுங்காலம் முழுவதும் நம் மேடைகளிலே ஏமாற்றத்துக்குப் பஞ்சமிருந்ததில்லை. ஆகவே, நாளை ஒருவர் தம் கட்சியை உதறிவிட்டுக் கொடிகாமச் சந்தியிலே வந்து பேசுவாராயின், கைதட்டுமுன் ஆசிரியர்களும் மாணவர்களும் அவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: உங்கள் கட்சி உங்களைத் தீண்டுமுன் யாரைத் தீண்டியது? அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?