“நான் என்ன, டயரா?”

சகோதரிகளே, தேர்வாய் கண்டிகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கும்மிடிப்பூண்டி தாலுகாவில் உள்ள ஊர். சென்னைக்குக் குடிநீர் தேக்கி வைக்க 2020-ல் திறந்தார்களே, அந்த நீர்த்தேக்கம் அங்கேதான். பெரிய தொழிற்பேட்டையும் இருக்கிறது. எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். அவள் கணவருக்கு டயர் தொழிற்சாலையில் வேலை. போன மாதம் போயிருந்தேன்.

அவளுக்குப் பத்து வயதில் ஒரு பெண். நான் போன சமயம், கழன்றுபோன சைக்கிள் சங்கிலியைத் தானே மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டியும் விட்டாள்!

பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாள், “பெண் கெட்டிக்காரிதான். இன்னும் கொஞ்சம் நிறமாகப் பிறந்திருக்கலாம்” என்றாள்.

பெற்றவளாவது சும்மா இருந்தாளா? “கடலை மாவு தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறேன் அக்கா, பிரயோஜனமில்லை” என்றாள்.

குழந்தை எண்ணெய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தகப்பனாருக்கு மனசு கேட்கவில்லை. “ரப்பர் பால் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும், கண்ணு. கரித்தூள் சேர்த்தால்தான் டயர் உறுதியாகும், தேயாமல் உழைக்கும். கறுப்பு என்ன மட்டமா?” என்றார்.

“நான் என்ன, டயராப்பா?”

நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. யோசித்தால் அவள் கேட்டது நியாயம்தான். சிவப்பு உசத்தி என்றாலும், கறுப்பு உசத்தி என்றாலும், பேச்சு நிறத்தைவிட்டு நகரவில்லையே! சங்கிலி மாட்டிய கைகளை எல்லோரும் மறந்துவிட்டோமே!

வெளியிலே காலம் கொஞ்சம் மாறித்தான் வருகிறது. சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு, 2009-ல் கறுப்பும் அழகே என்று ஓர் இயக்கம் தொடங்கியது. நிறம் குறைந்தவர்களை மட்டமாகக் காட்டும் விளம்பரம் கூடாதென்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் விதி செய்தது. 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம்கூட, 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது.

விளம்பரத்துக்கு விதி போட்டார்கள். நம் வீட்டுக் கூடத்துப் பேச்சுக்கு யார் விதி போடுவது? நாம்தான்.

யாராவது நிறத்தைப் பற்றி ஆரம்பித்தால், “சங்கிலியை எப்படி மாட்டினாள், பார்த்தீர்களா?” என்று குழந்தையின் காது கேட்கப் பேச்சைத் திருப்புங்கள். வெறுமே ‘சமர்த்து’ என்று சொல்வதைவிட, செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். இன்னொன்று, கண்ணாடி முன்னால் நின்று, “கறுத்துவிட்டேன், பருத்துவிட்டேன்” என்று நாம் அலுத்துக்கொள்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தன்னை அளக்கும் கோலை அங்கேதான் எடுத்துக்கொள்கிறாள்.

அலங்காரமே வேண்டாமென்று சொல்லவில்லை. தாராளமாகப் பின்னலிட்டுப் பூ வைத்துவிடுங்கள். அது அவள் சந்தோஷத்துக்காக இருக்கட்டும். பிறர் அவளை மதிப்புப் போடுவதற்காக வேண்டாம்.

புறப்படும்போது, “என் கைப்பை ஜிப் சிக்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பார்க்கிறாயா, அம்மா?” என்று அவளிடம் கேட்டேன்.

மறைந்திருந்த கைகள் உடனே முன்னால் வந்தன.